அத்தான் உட்கார்ந்த ஒரு மணி நேரம்

என் அக்கா வீட்டில் ஆறு கதிரைகள் இருந்தன. ஆறும் நல்ல பிரம்புக் கதிரைகள். கலியாணத்துக்கு வாங்கியவை. பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஒன்றில்கூடப் பிரம்பு தொய்யவில்லை. வீட்டுக்காரர் உட்கார்ந்தால்தானே தொய்வதற்கு!

அத்தான், அதாவது அக்காவின் புருஷன், மாத்தளைக்கு அடுத்த யட்டவத்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். ஆகவே அந்த மனுஷனை நான் கிட்டத்திலிருந்து பார்த்தவள். கோபமாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, பாசமாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, இரண்டும் உண்டு.

கிளாக்கர் வீடு, தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவுக்கு நேர் கீழே, வளைவில் இருந்தது. மேலேயிருந்து எந்தக் கார் இறங்கினாலும் எங்கள் வாசலைத் தொட்டுத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது, எங்களுக்கும் சரி, காருக்கும் சரி. மத்தியானம் தொரையின் கார் மேலே ஏறும் சத்தம் கேட்டால் போதும், அத்தான் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். ஜன்னல் சாத்தியிருக்கும். தொரைக்கு இவர் தெரியப்போவதில்லை. இருந்தாலும் நிற்பார். அந்த நேரம் பார்த்து அக்கா ரசம் ஊற்றவே மாட்டாள்.

"கார் போகட்டும்டி. இப்ப ஊத்துனா வேட்டியிலதான் ஊத்தணும்" என்பாள்.

ஆபீசில் அவருக்கு உயரமான ஸ்டூல் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் பாதிதான் உட்காருவார், ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். கேட்டால் தயாராக ஒரு சொல் வைத்திருந்தார். "ஒக்காந்தவனுக்குத்தான் எந்திரிக்கிற வேலை. நின்னவனுக்கு என்ன வேலை?"

"அப்ப தூங்குறதையும் நின்னுக்கிட்டே தூங்குங்க அத்தான். படுத்து எந்திரிக்கிற வேலையும் மிச்சம்" என்பேன் நான்.

சிரிப்பார். சத்தம் வராத சிரிப்பு. கோபப்படத் தெரியாத ஆள். லயத்துத் தொழிலாளிச் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், ஒரு சதம் வாங்காமல், அதையும் ஜன்னல் கட்டையில் கடுதாசியை வைத்து நின்றபடியே எழுதுவார்.

இவர் கலியாணக் கதையைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். மணவறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரம், பந்தல் வாசலில் தொரையும் தொரைசாணியும் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை எழுந்துவிட்டார்! தாலி கையில் இருக்கிறது.

"மாப்ள, ஒக்காருங்க! முகூர்த்தம் போகுது!" என்று ஐயர் கத்துகிறார். எங்கள் அப்பா வேட்டியைப் பிடித்து இழுக்கிறார். ஊஹூம். மாப்பிள்ளை நிற்பதுதான் எங்கள் வழக்கம்போல என்று தொரை நினைத்துக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றார். கடைசியில் அத்தான் குனிந்து, நின்றபடியே தாலி கட்டினார்.

"தாலி ஏறுறப்ப அவரு மூஞ்சிய நான் பாக்கல. வேட்டிக் கரையத்தான் பாத்தேன்" என்று அக்கா சொல்லும்போது எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் அதை அவள் மறக்கவில்லை.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் அத்தானையே கேட்டேன். அவர் சின்னக் கிளாக்கராக வந்த புதிதில் அங்கே இருந்த பெரிய கிளாக்கருக்குத் தொடையில் கட்டி. ஒருநாள் தொரை உள்ளே வந்தபோது எழ முடியாமல் உட்கார்ந்தபடியே "குட் மோர்னிங்" சொல்லியிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அவருடைய பெட்டியும் சட்டியும் கட்டிலும் றோட்டில் கிடந்தன. பெருமழை. அந்த அம்மா கைப்பிள்ளையைச் சாக்கால் மூடிக்கொண்டு லொறிக்குக் காத்து நின்றதை இவர் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்.

"வேலை போனா வீடும் போச்சு, டீச்சரம்மா" என்றார் என்னிடம். "வீடு மட்டுமா?"

வீடு மட்டுமில்லைதான். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்கள் தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. எங்கள் மூன்று பேரின் மனுவும் கண்டி அரசாங்கக் கச்சேரியில் எங்கேயோ கிடந்தது. இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறோம் என்று தொரை எழுதிக் கொடுத்த கடுதாசிதான் எங்களுக்கு ஆதாரம். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் எப்படி உட்காருவது? அவர் பயம் எனக்குப் புரியும். புரிந்தும் எனக்கு ஆத்திரம் வரும்.

பின்னால், தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், வெள்ளைக்காரர்கள் போய் இளம் சிங்களப் பையன் ஒருவர் தொரையாக வந்தார். அத்தான் ஓய்வு பெறும்போது மரியாதையாக வீட்டுக்கே வந்து, "ஐயா, நீங்க ஒக்காருங்க" என்று தமிழிலேயே சொன்னார். "நீங்க ஒக்காருங்க சேர், எனக்கு நின்னாத்தான் சொகம்" என்றார் இவர். அந்தப் பிள்ளையும் வெட்கப்பட்டு உட்காரவில்லை. இரண்டு பேரும் ஆறு கதிரைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே தேத்தண்ணீர் குடித்தார்கள். ஆகவே அத்தான் திருந்திய கதையை நான் சொல்ல வரவில்லை. நடுவில் ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவுக்கு நகை ஆசை கிடையாது, சேலை ஆசை கிடையாது. பிள்ளை இல்லாத குறையைக்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒன்றுதான் கேட்பாள்.

"எங்கயாச்சும் போற வண்டியில, எறங்குற வரைக்கும், அவரு எம் பக்கத்துல ஒக்காந்து வரணும்டி. ஒரு தடவை போதும்."

மாத்தளைத் தேருக்குப் பஸ்ஸில் போனால், கோட்டுப் போட்ட யார் ஏறினாலும் அத்தான் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். ரயிலிலும் அப்படித்தான். அக்காவுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு முதலாளி உட்கார்ந்து வெற்றிலை போடுவார். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு புதன்கிழமை தொரை அத்தானைக் கூப்பிட்டு ஒரு கடித உறையைக் கொடுத்தார். அந்தச் சனி ஞாயிறுக்குத் தொரையும் தொரைசாணியும் சீமையிலிருந்து வந்திருந்த தொரைசாணியின் தங்கையும் திருகோணமலைக்குப் போக விமானத்தில் முதலாம் வகுப்பு எடுத்திருந்தார்கள். தொரைசாணிக்கு டென்னிஸ் விளையாட்டில் கால் பிசகிவிட்டது. "நீயும் உன் பெண்சாதியும் மச்சாளும் போய்வாருங்கள். பெயர் மாற்றக் கடிதம் உள்ளே இருக்கிறது. ரெஸ்ட் ஹவுஸில் அறையும் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்.

அத்தான் வீட்டுக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. யாருக்கோ சாவுத் தந்தி வந்துவிட்டதென்றே நினைத்தேன்.

"வேணாம்னு சொன்னா திமிருன்னுவாங்க. போனா, தொரை சீட்டுல ஒக்காந்தான்னுவாங்க. நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"சீட்டு அவரு குடுத்ததுதானே. ஒக்காந்தா என்ன, முள்ளா குத்தும்?" என்றேன்.

"ஒனக்கென்ன. நீ பள்ளிக்கூடத்துல ஒக்காந்தே பழகுனவ."

அக்கா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசனை கூடம் வரைக்கும் வந்தது. எட்டிப் பார்த்தேன். கூறைச்சேலையை எடுத்து வெயிலில் காயப்போடக் கையில் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியுமா?

இந்தப் பயணத்தின் கூத்தைக் கேளுங்கள். மாத்தளையில் பஸ் ஏறினால் நாவுல, தம்புள்ள, ஹபரணை, அப்படியே திருகோணமலை. மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம். நாங்களோ வெள்ளிக்கிழமை ரயிலேறி, நேர் எதிர்ப்பக்கமாகக் கொழும்புக்கு இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சனிக்கிழமை காலையில் இரத்மலானை போய், எங்கள் தோட்டத்துத் தலைக்கு மேலாலேயே பறந்து திருகோணமலை போனோம். முதலாம் வகுப்பு என்றால் சும்மாவா!

இரத்மலானையில் எங்களைத் தராசில் நிறுத்தார்கள். பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்களாம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். அக்கா தராசில் ஏறி நின்று, "கூறைச்சேலைக்கு எவ்வளவு கழிப்பீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாள். நிறுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த விமானம் தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, மூக்கு தூக்கி இருக்கும். பின் கதவால் ஏறி, தேயிலை மலை ஏறுகிற மாதிரி முன்னால் ஏறிப் போக வேண்டும். மேலே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் நாலே நாலு இருக்கைகள், அதுதான் முதலாம் வகுப்பு. இடப்பக்கம் இரண்டில் அக்காவும் அத்தானும். வலப்பக்கம் ஜன்னலில் நான். எனக்குப் பக்கத்து இருக்கை காலி. அத்தான் பஞ்சு இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கமாக ஒரு விரல் நகர்ந்தாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு நாலாவது ஆள் வந்தார். யாராக இருக்கும் என்கிறீர்கள்? வி.ஏ. தொரை!

வி.ஏ. என்றால் கொழும்புக் கம்பனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்தைப் பார்க்க அனுப்புகிற பெரிய தொரை. எங்கள் தொரையே அவர் முன்னால் கையைக் கட்டி நிற்பார். அவர் எழுதுகிற ஒரு வரியில் ஆட்களின் வேலை போகும். பன்னிரண்டு வருஷமாக, அவர் வரும் நாளெல்லாம் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அத்தான் பேரேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

அத்தான் எழுந்த வேகத்தில் தலை மேல் தட்டில் 'டங்'கென்று இடித்தது.

வி.ஏ. தொரை அவரைப் பார்க்கக்கூட இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அத்தான் நின்றார். தட்டு தாழ்வாக இருந்ததால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார். விமானப் பெண் வந்து, "உட்காருங்கள், புறப்படப் போகிறோம்" என்றாள். "பரவாயில்ல மிஸ்" என்றார்.

"என்னங்க, ஒக்காருங்க" என்றாள் அக்கா, மெதுவாக. "எனக்காக ஒக்காருங்க."

"நீ சும்மா இரு, புள்ள. அவரு இருக்காரு."

கடைசியில் அந்தப் பெண் அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், வாலோரத்தில் சாமான்களுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி இடுப்புப் பட்டியைக் கட்டினாள். இறங்கியதும் அவளேதான் அவிழ்த்தும் விட்டாள்.

அக்கா கூறைச்சேலையோடு காலி இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தாள். காதுக்குப் பஞ்சும் வாய்க்கு இனிப்பும் கொண்டு வந்தார்கள். அத்தானுடைய இனிப்பையும் அவளிடமே கொடுத்தார்கள். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே மேகம், மலை, என்னென்னவோ போனது. அவள் பார்க்கவில்லை. மடியில் கிடந்த பட்டியின் கொக்கியை மூடுவாள், மூடியைத் தூக்கித் திறப்பாள், மறுபடி மூடுவாள். திருகோணமலை வரைக்கும் அதையேதான் செய்தாள். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவரின் பேப்பரைக் கிழிக்கலாம் போலவும் வந்தது.

ரெஸ்ட் ஹவுஸிலும் வி.ஏ. தொரை இருந்தார், இரண்டு அறை தள்ளி. பிறகென்ன? அத்தான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை, கடலுக்கும் வரவில்லை. ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். நானும் அக்காவும் கடற்கரைக்குப் போனோம். கணுக்கால் நனைய நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு கடலு" என்றாள். "ஆனா நான் கடலுக்காடி வந்தேன்?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நாளைக்கும் அதே பிளேனுதானே?" என்று கேட்டாள்.

ஞாயிறு பின்நேரம் விமானத்தடியில் அக்கா நேரே அந்தப் பெண்ணிடம் போய், "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு படபடக்குது, எங்கள முதல்ல ஏத்திவிடுங்க" என்று சிங்களத்தில் சொன்னாள். பொய் என்றும் சொல்ல முடியாது. அத்தானுக்கு உண்மையிலேயே படபடத்துக்கொண்டுதான் இருந்தது. வந்த மாதிரியே அக்கா இடப்பக்க ஜன்னலில், அவர் அவளுக்குப் பக்கத்தில், நான் எதிர்ப்பக்கம். அவர் உட்கார்ந்தது, உட்காராதது தெரியாது, அக்கா இரண்டு பக்கத்துப் பட்டியையும் இழுத்து, கொக்கியை மாட்டி, வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். அரிசி மூட்டையைக் கட்டுகிற இழுப்பு. அதன்மேல் தன் கைப்பையை வைத்து, பையின்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

திரை விலகியது. வி.ஏ. தொரை.

அத்தான் எழப் பார்த்தார். பட்டி பிடித்தது. இன்னும் ஒரு தடவை எம்பினார். பிடித்தது. கை பைக்கு அடியில் கொக்கியைத் தேடுகிறது, அகப்படுகிறது, அதை எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

"சேர்... எக்ஸ்கியூஸ் மீ, சேர்... பெல்ட்... எந்திரிக்க முடியல, சேர்..." ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தது.

வி.ஏ. தொரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அத்தான் முகத்தைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். "முதல் பயணமா? எனக்கும் இந்தப் பறப்பு பிடிக்காதுதான்" என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். உட்கார்ந்து, பட்டியைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார். "கொழும்பில் என்ன வியாபாரம் உங்களுக்கு?"

அத்தான் வாயைத் திறந்தார். மூடினார்.

"யெஸ், சேர்" என்றார்.

அவ்வளவுதான். தொரை பேப்பருக்குள் போய்விட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, நாள் முழுக்க, மூன்றடி தூரத்தில் நின்ற ஆளை அவருக்குத் தெரியவில்லை! பேரேட்டைப் பார்த்திருக்கிறார், அதைப் பிடித்த கையைக்கூடப் பார்த்திருப்பார். எனக்கு அப்படியே கொதித்தது. அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விமானம் எழுந்தது. காட்டுக்கு மேலே போனோம். சீகிரியாக் கல் நேர் கீழே வந்து போனது. கொஞ்ச நேரத்தில் அக்கா ஜன்னலைத் தட்டினாள்.

"என்னங்க, அந்தா பாருங்க! நாவுல றோட்டு. அந்த மலைக்கு அங்கிட்டு, வெயில்ல மின்னுதே, அது நம்ம ஸ்டோரு தகரந்தான்!"

எத்தனையோ தோட்டத்துத் தேயிலை ஸ்டோர்களின் தகரக் கூரை அங்கே மின்னியிருக்கும். அவள் அதை எங்கள் தோட்டமென்றே முடிவு செய்துவிட்டாள். அத்தான் அசையவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அப்புறம் அவர் மெதுவாக, "எங்க?" என்றார்.

"அந்தா. என் விரலுக்கு நேரா பாருங்க."

அவர் அவள் மேலே சாய்ந்து பார்த்தார். அவர் தோள் அவள் தோளில் பட்டது. "ஆமா, ஸ்டோருதான்" என்றார். "அதுக்கு மேல வெள்ளையா இருக்கே, அது பங்களா. இப்ப தொரை டீ குடிக்கிற நேரம்."

"குடிக்கட்டும்" என்றாள் அக்கா.

மலை மறையும்வரை இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

விமானம் இரத்மலானையில் இறங்கி நின்றதும் வி.ஏ. தொரை எழுந்தார். வழியை விட்டு ஒதுங்கி நின்று, அத்தானைப் பார்த்து, "நீங்கள் முதலில்" என்று கையைக் காட்டினார். நிற்பவர் அவர், உட்கார்ந்திருப்பவர் இவர்! அத்தான் திரும்பவும் கொக்கியோடு மல்லுக்கட்டினார். தொரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, இறங்கிப் போனார்.

எல்லோரும் இறங்கினார்கள். அக்கா கைப்பையை எடுத்துவிட்டு, ஒரு விரலால் மூடியைத் தூக்கினாள். கொக்கி கழன்று விழுந்தது.

அத்தான் அதையே பார்த்தார். "ஒனக்கு இத அவுக்கத் தெரியுமா?"

"போறப்பயே தெரியும்."

"பெறகு ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க எங்கிட்ட கேக்கலியே. அவருகிட்டதானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் பட்டியின் இரண்டு முனைகளையும் இரண்டு பக்கமும் எடுத்துப் போட்டார். மடி காலியாக இருந்தது. ஆனால் அவர் எழவில்லை.

"என்னைய அவருக்குத் தெரியல, புள்ள" என்றார்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சனிக்கிழமை இனிப்பை அவர் கையில் வைத்தாள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அந்த இருக்கையில் முதுகைச் சாய்த்தார். நான் மூன்று பேர் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடைவழியில் நின்றிருந்தேன். கீழேயிருந்து அந்தப் பெண், "இறங்குங்கள், இறங்குங்கள்" என்று கூப்பிட்டாள்.

"இரு" என்றார் அத்தான், அக்காவிடம். "கொஞ்சம் இருந்துட்டுப் போவோம்."